ஒரு பிழை மட்டும்

அன்று அறையில் இருந்தவர்கள் மூவர். படுக்கையைவிட்டு எழ முடியாத வேலாயுதம் கட்டிலில். அவர் மனைவி செண்பகம் வாசற்படியில், கீரை ஆய்ந்தபடி. கடிதம் எழுதும் நான் மேசையருகே.

வேலாயுதத்தின் தங்கை வடிவுக்குக் கண் தெரியாது. அண்ணன் தங்கை பேசி ஆறு வருஷம். அவளை வரச்சொல்லி முன்பு உருக்கமாக இரண்டு கடிதம் எழுதினேன். தமிழாசிரியரான அவள் கணவர் இரண்டையும் மனதுக்குள் படித்துவிட்டு, “எல்லாரும் சுகமாம்” என்று மட்டும் சொன்னாராம்.

“உருக்கமெல்லாம் அந்த மனுசன்கிட்ட எடுபடாது சார்,” என்றாள் செண்பகம். “பிழையக் கண்டாத்தான் தெருவுக்கே கேக்குறாப்புல வாசிப்பாரு.”

வேலாயுதத்தின் முகம் மலர்ந்தது. “அப்ப அண்ணன்னு போடாதீங்க சார். ஞண்ணன்னு போடுங்க. சின்னப்புள்ளையில அப்படித்தான் அது கூப்பிடும்.”

“மாப்பிள்ளை சிரிப்பாரே?” என்றேன்.

“சத்தமாவே சிரிக்கட்டும்.”

சொல்வதெழுதுதலில் ஒரு மதிப்பெண்கூட இழக்காத என் கை தயங்கித்தான் எழுதியது: “ஞண்ணனைப் பார்க்க ஒரு நடை வந்துவிட்டுப் போ.”

உறைமேல் மாப்பிள்ளையின் பெயரையும் பட்டத்தையும் ஒற்றுப்பிழைகூட இல்லாமல் எழுதி, ஒட்டி, தபால்பெட்டியில் போட்டேன்.