மௌரீன் சொல்லிக் கொடுத்த வசனம்

"வாத்தியாரே, அந்த ஆளை இன்னும் ரெண்டடி தள்ளி நிக்கச் சொல்லுங்க. மூச்சு மேல படுது."

'அந்த ஆள்' என்று ஹெர்பர்ட் சொன்னது சொந்த மகன் டேரிலை.

"முதல்ல அவரை என் கால் மேலேர்ந்து காலை எடுக்கச் சொல்லுங்க சார்" என்றான் டேரில்.

"ரெண்டு பேரும் ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணுங்கப்பா" என்று கும்பிட்டார் நாடக வாத்தியார் இளங்கோவன்.

லிங்கராஜபுரம் மாதா கோயில் திருவிழாவுக்கு நகைச்சுவை நாடகம். அப்பன், மகன் சண்டைதான் கதை. அப்பா வேஷக்காரருக்கு மஞ்சள் காமாலை வந்துவிட, பெருந்தொண்டைக்காரர் என்று பங்குச் சாமியார் ஹெர்பர்ட்டைக் கைகாட்டினார். மகன் வேஷம் டேரில் என்று தெரிந்தது பிறகுதான். விலகினால் மகனுக்குப் பயந்துவிட்டான் என்று ஊர் பேசும். ஹெர்பர்ட் விலகவில்லை.

நிஜத்தில் இருவருக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த டேரில், சி.எஸ்.ஐ. பெண் லவினாவை அவர்கள் சர்ச்சிலேயே கட்டிக்கொண்டான். "இனி இந்தப் படி ஏறாதே" என்றுவிட்டார் ஹெர்பர்ட். இப்போது ஹெப்பகோடியிலிருந்து ஒத்திகைக்கு வருவான். ஐந்து நிமிஷ நடையில் அம்மா இருக்கிறாள். பார்க்காமலே பஸ் ஏறிவிடுவான். தாய் மௌரீனுக்கு அது ஒன்றுதான் வயிற்றெரிச்சல்.

ஹெர்பர்ட்டுக்கு எழுத்துத் தெரியாது. மௌரீன் வசனத்தை வாசிப்பாள், அவர் கேட்டு மனப்பாடம் பண்ணுவார். யாரையும் நம்பாத மனுஷன். ஒரே வரியை மூன்று தரம் படிக்கச் சொல்லி, மூன்றும் ஒன்றாக வருகிறதா என்று சோதிப்பார். வாத்தியார் வேறு தினம் ஏதாவது திருத்தி, துண்டுச்சீட்டில் எழுதி அனுப்புவார்.

நாடக நாளில் முதல் வரிசையில் மௌரீன். கடைசி வரிசையில் கதவோரம் லவினா.

"துரைக்குப் போன்ல என்ன பேச்சு? அதான் பூட்டுப் போட்டேன்!" என்று மேடையில் உறுமினார் ஹெர்பர்ட்.

"போனுக்குப் பூட்டு, சாவி உங்க அரைஞாண் கயித்துல! குளிக்கும்போதுகூட கழட்ட மாட்டீங்க!"

"ஹெர்பர்ட் வீட்லயும் அதே கதைதான்!" என்று ஒருவன் கத்த, ஹாலே அதிர்ந்தது.

கடைசிக் காட்சி. டேரில் பெட்டியைத் தூக்கினான். "நான் போறேன்ப்பா."

'வெளியே போ! இனி இந்தப் படி ஏறாதே!' என்று ஹெர்பர்ட் கத்த வேண்டும். அதோடு திரை.

அவர் கொஞ்ச நேரம் மகனையே பார்த்தார்.

"எங்கடா போற? சாப்பிட்டுட்டுப் போ. அந்தப் பொண்ணையும் கூட்டிக்கிட்டு வா."

டேரில் பெட்டியைக் கீழே வைத்துவிட்டான். வாத்தியார் ஓடிப்போய்த் திரையை இழுத்தார்.

"என்னண்ணே இது! வெளியே போன்னு துரத்தச் சொன்னா சோறு போடறீங்க? நாடகத்துல ஏது பொண்ணு?"

"எனக்கு என்ன எழுத்தா தெரியும்?" ஹெர்பர்ட் எகிறினார். "காலையில நீங்க சீட்டுல மாத்தி அனுப்பினதா இவ படிச்சா. நான் ஒப்பிச்சேன். பொண்டாட்டியை நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

மேடையேறி வந்திருந்த மௌரீனை எல்லோரும் பார்த்தார்கள். அவள் புருஷனை ஒரு முறை பார்த்தாள்.

"ஆமா வாத்தியாரே. நான்தான் மாத்திப் படிச்சேன். திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க."

"கேட்டுக்கங்க!" என்றார் ஹெர்பர்ட். "பேஜாரு. ஊரே கேட்டாச்சு, இனி இல்லைன்னா அசிங்கம். வரச் சொல்லு அவங்களை."

ஒட்டுமீசையைக்கூடப் பிய்க்காமல் வீட்டைப் பார்த்து முன்னால் நடந்தார். நாலடி தள்ளி டேரில்.

பின்னால் வந்த லவினா, மௌரீன் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவர்கிட்டயே மாத்திப் படிச்சீங்களே, எப்படி அத்தை தைரியம் வந்துச்சு?"

"மெதுவா பேசும்மா, அவர் காதுல விழுந்துடப் போகுது" என்றாள் மௌரீன். "வாத்தியார் சீட்டே அனுப்பல. நான் 'வெளியே போ'ன்னுதான் படிச்சேன்."