வண்டியை நிழலில் நிறுத்து

"லீவுங்கற பேச்சே இன்னிக்கு என்ற காதுல விழக்கூடாது!"

டிரைவர் "ஏனுங்க மொதலாளி, ஒரு நாலு நாள்..." என்று ஆரம்பித்ததுதான் தாமதம், வெங்கடபதி போர்ட்டிகோவே அதிரும்படி பாய்ந்துவிட்டார்.

"ஒருத்தன் பெத்த தாயை எழந்துபோட்டு நிக்கறான். அவனுக்கு ஆறுதல் சொல்ல நானே கெளம்பிட்டிருக்கறேன். உனக்கு இப்பத்தான் லீவு கேக்குதா? மனுசனுக்கு மனுசன் எரக்கம் வேண்டாமா? எடு வண்டியை, ஆனைமலைக்கு!"

டிரைவர் அவர் முகத்தையே ஒரு கணம் பார்த்தார். பிறகு பின்கதவைத் திறந்துவிட்டார்.

வெங்கடபதி கோயமுத்தூரில் ஒரு நூல் மில்லுக்கு முதலாளி. போன வாரம்தான் ஊட்டியில் ஒரு பெரிய ஓட்டலில் இரண்டு நாள் தங்கி, இரக்கம் கற்றுக்கொண்டு வந்திருந்தார். அதுவரை அந்தச் சரக்கு அவரிடம் இருந்ததில்லை என்பது மில் வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். மெட்ராஸிலிருந்து வந்த கோட்டுக்காரர் ஒருவர், நல்ல முதலாளி என்பவன் தொழிலாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், தோளில் கை வைக்க வேண்டும், அவன் கஷ்டத்தைத் தன் கஷ்டமாக நினைக்க வேண்டும் என்று பாடம் நடத்தினார். கடைசியாகச் சொன்னதை எழுதுவதற்குள் காபி வந்துவிட்டது. முதல் இரண்டும் டைரியில் பத்திரமாக இருந்தன.

அவசரம் என்னவென்றால், நாளைக்கு மில்லில் ஸ்டிரைக் ஓட்டெடுப்பு. 'நம்ம மொதலாளிக்கு மனசே கெடையாது' என்று யூனியன் செயலாளர் தம்பிதுரை கேட் மீட்டிங்கில் முழங்கியதில் பாதிப் பேர் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். இன்று பொழுது சாய்வதற்குள் தனக்கும் மனசு என்று ஒன்று இருப்பதாகக் காட்டியாக வேண்டும். காட்டத் தவறினால் நாளை மறுநாள் மில்லுக்குப் பூட்டுதான்.

அந்த நேரம் பார்த்துத்தான் லேபர் ஆபீசர் சுந்தரராஜுலு துண்டுச் சீட்டோடு அறைக்குள் வந்திருந்தார்.

"நம்ம பாலுசாமியோட அம்மா மாரியாத்தாள் காலைல தவறிட்டாங்க சார். ஆனைமலையில மூணு மணிக்கு எடுக்கறாங்க. தம்பிதுரையும் நம்ம ஆளுக அம்பது பேரும் போயிருக்காங்க."

வெங்கடபதிக்கு வாயெல்லாம் பல். "அம்பது பேரா! ரொம்ப நல்லதாப் போச்சு. நானே போறேன்."

"நீங்களேவா? சார், பாலுசாமின்னா யாருன்னு..."

"என்ற ஆளை எனக்கே நீ சொல்லித் தாரயாக்கும்? எனக்கு எல்லாந் தெரியும், போய்யா!"

"அப்ப வேற டிரைவர் போடட்டுங்களா?"

"எதுக்கு? என்ற டிரைவருக்குத்தான் அந்தப் பக்கம் ரோடெல்லாம் அத்துப்படி."

சுந்தரராஜுலு எதையோ சொல்ல வாயெடுத்தார். முதலாளியின் முகத்தைப் பார்த்ததும் மென்று முழுங்கிவிட்டு வெளியே போய்விட்டார்.

கார் உக்கடத்தைத் தாண்டியதும் வெங்கடபதி துண்டுச் சீட்டைப் பார்த்துப் பெயரை உருப்போட ஆரம்பித்தார். பின்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, காலியாக இருந்த பக்கத்து இடத்தில் கை வைத்தார்.

"பாலுசாமி! உன்ற அம்மா எனக்கும் அம்மாதான்!"

கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

"ரோட்டைப் பாத்து ஓட்டு! கண்ணென்ன இப்பிடிச் செவந்து கெடக்குது? தண்ணி கிண்ணி போட்டயா?"

"இல்லீங்க மொதலாளி."

பொள்ளாச்சியில் ஆளுயர ரோஜா மாலை ஒன்று வாங்கினார். துக்க வீட்டில் பச்சைத் தண்ணி கூடக் கிடைக்காது என்று, ஓட்டலில் உட்கார்ந்து இலை போட்டு நிதானமாகச் சாப்பிட்டார். டிரைவர் இரண்டு தடவை வாசல்வரை வந்து எட்டிப் பார்த்தார்.

"நேரமாச்சுங்க மொதலாளி. எடுத்துருவாங்க."

"எழவு ஊட்டுக்குப் போறதுக்கு என்னய்யா அவசரம்? நான் வாரது தெரிஞ்சா எடுக்காம வெச்சிருப்பாங்க. பாயாசம் வரட்டும், இரு."

ஆனைமலை போய்ச் சேர்ந்தபோது மணி நாலேகால். பந்தலுக்கடியில் கிழவியின் உடல் அப்படியே கிடத்தப்பட்டிருந்தது. பறை ஓய்ந்து, ஆட்கள் கைகட்டி நின்றிருந்தார்கள். அத்தனை முகமும் காரையே பார்த்துக்கொண்டிருந்தது. வெங்கடபதிக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தயா? எனக்காகத்தான் வெச்சிருக்கறாங்க."

டிரைவர் அவசரமாகக் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தார்.

"நீ எங்க எறங்கற? வண்டியை வெயில்ல விட்டயின்னா சீட்டு கொதிக்கும். எங்காச்சும் நெழலாப் பாத்து நிறுத்திப்போட்டு அப்பறம் வா."

கார் சந்துக்குள் திரும்பி மறைந்தது. வெங்கடபதி மாலையைப் போட்டார். கண்ணீர் வராததால் கைக்குட்டையை மட்டும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தம்பிதுரை பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும், ஐம்பது பேருக்கும் கேட்க வேண்டுமென்று குரலை உயர்த்தினார்.

"என்ற பாலுசாமி எங்கப்பா? காலைல இருந்து அவன் நெனப்பாவே இருக்கறேன். அவன் தோள்ல கையை வெச்சாத்தான் என்ற மனசு ஆறும். கூப்புடுங்க அவனை!"

அழுதுகொண்டிருந்த பெண்கள்கூட நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள்.

"கொள்ளி வெக்கிற மகன் இல்லாம எப்பிடிங்க எடுக்கறது? அவருக்காகத்தான் மூணு மணியில இருந்து நாங்களும் காத்துட்டு நிக்கறமுங்க" என்றார் தம்பிதுரை. குரலில் மரியாதைக்குக் குறைவில்லை.

பிறகு சந்துப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே டிரைவர், வெள்ளைச் சட்டையின் பித்தான்களைப் பிய்த்தெறிந்தபடி, "அம்மா... அம்மா..." என்று கதறிக்கொண்டு ஓடி வந்துகொண்டிருந்தார்.

"அதோ வாராருங்க பாலுசாமி. இத்தனை நேரம் உங்க வண்டிக்கு நெழல் தேடிட்டு இருந்தாருங்க."