உள்பக்கத் தேய்மானம்

“வெளியில இருந்து பாத்தா புது டயர் சார். உள்பக்கம்தான் தின்னிருக்கு.”

தீவின் டாலிகஞ்ச் பகுதி ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் முத்துராஜ் டயரைக் கழற்றி உருட்டி வந்து ராஜமாணிக்கத்தின் காலடியில் சாய்த்தான். இடது முன் டயர். உள் ஓரத்தில் ரப்பர் வழித்தெடுத்தாற்போல் போய், கம்பி பல்லைக் காட்டியது.

“நாலு மாசம் முன்னாடி போட்ட டயருய்யா. அலைன்மென்ட் ஒழுங்கா பண்ணியா இல்லையா?”

“மூணு தடவை பண்ணிட்டேன் சார். நான் நேராக்கி அனுப்புறேன், வண்டி மறுபடி கோணிக்கிட்டு வருது. டெய்லி ஏதோ ஒரு குழியில இந்த ஒரு வீல் மட்டும் அடி வாங்குது. இன்னும் ரெண்டு வாரம் ஓட்டியிருந்தா வெடிச்சிருக்கும்.”

அப்புறம் சிரிப்பை மீசைக்குள் ஒளித்துக்கொண்டு கேட்டான். “மேடம் ஓட்டுற வண்டிதானே?”

அந்தச் சிரிப்பைத்தான் ராஜமாணிக்கத்தால் தாங்க முடியவில்லை. தீவில் பாதி ரோடு அவர் பார்வையில் போட்டது. ரோடு இன்ஜினியர் பெண்டாட்டிக்குக் குழியை ஒதுக்கத் தெரியவில்லை என்றால் நாலு பேர் என்ன பேசுவார்கள்?

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தார்.

“எட்டு வருஷம் நான் ஓட்டினேன். நாலு டயரும் அண்ணன் தம்பி மாதிரி ஒண்ணா தேஞ்சுது. ஆபீஸ்ல எனக்கு ஜீப் குடுத்தாங்க, இது உன் கைக்கு வந்துது. பாரு லட்சணத்தை.”

மங்கையர்க்கரசி தோசையைத் திருப்பிப் போட்டாள். சௌல்தாரிப் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சர் அவள். தினமும் அந்தக் காரில்தான் போய் வருகிறாள்.

“குழி எங்க இருக்கு?”

“ஸ்கூலுக்கு முன்னாடி வளைவுல.”

“தெரிஞ்சேதான் இறங்குறியா? ஒதுக்கி ஓட்டினா என்ன?”

“ஒதுக்க இடமில்லைங்க.”

“ரோட்டைப் பத்தி எனக்கே பாடமா? நாளையிலேர்ந்து பஸ்ல போ. சாவியைக் குடு.”

அடுப்பை அணைத்தாள். பஸ் என்றால் விடியுமுன் கிளம்ப வேண்டும். திரும்பி வர இருட்டிவிடும். அது அவருக்கும் தெரியும்.

“நாளைக்கு ஒருநாள் கூட வாங்க. பாத்துட்டு வாங்கிக்குங்க சாவியை” என்றாள்.

மறுநாள் காலையில் தூறல். ஸ்பேர் டயரோடு அவள் ஓட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்த ராஜமாணிக்கம் இல்லாத பிரேக்கைக் காலால் அழுத்திக்கொண்டே வந்தார்.

பாக்குத் தோப்பு தாண்டி வளைவு. இடது ஓரத்தில் குழி நிறையப் பால் விட்ட டீ நிறத்தில் தண்ணீர். அவள் வேகத்தைக் குறைத்து, நேராக அதற்குள் இறக்கினாள். தொம்மென்று அடித்தது. அவர் தலை கண்ணாடியில் மோதியது.

“வலது பக்கம் பூரா காலியா கிடக்கு, உனக்குக் கண்ணு தெரியலையா? இறங்கு. எப்படி ஓட்டணும்னு நான் காட்டுறேன்.”

இடம் மாறி உட்கார்ந்தார். வண்டியைத் திருப்பித் தோப்பு வரை போய், மறுபடி வளைவுக்கு வந்தார். ஸ்டியரிங்கை லேசாக வலப்பக்கம் ஒடித்தார். குழி இடது பக்கம் ஒதுங்கிப் போனது.

“பாத்தியா? சொட்டுத் தண்ணி கூடப் படாம...”

வளைவிலிருந்து ஒரு ஸ்கூட்டர் நேரே வந்தது.

பிரேக்கை மிதித்தார். ஸ்கூட்டர் சறுக்கிச் சேற்றில் சாய்ந்தது. ஓட்டி வந்த பெண் ஒரு பக்கம், யூனிஃபார்ம் போட்ட இரண்டு சிறுமிகள் ஒரு பக்கம். சின்னவளின் தலை கார்ச் சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளிக் கிடந்தது.

அவள் எழுந்து அழுத பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

அதற்குள் மங்கையர்க்கரசி ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கியிருந்தாள். தாய் விஜயகுமாரி முழங்கைச் சேற்றை வழித்தாள். “குச் நஹி ஹுவா, ஒண்ணும் ஆகலடி, அழாத.”

ராஜமாணிக்கம் வசவுக்குத் தயாராகக் கீழே இறங்கி நின்றார். அவள் வையவில்லை. டிரைவர் சீட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

“இன்னைக்கு டீச்சர் ஓட்டலையா?”

அவர் குனிந்து ஸ்கூட்டரை நிமிர்த்தினார்.

“அதானே பாத்தேன். டீச்சர் கார்னா நாங்க பயப்படாம வருவோம் சார். அது குழியில இறங்குமே தவிர எங்க பக்கம் வராது.”

பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

ராஜமாணிக்கம் குழியைத் திரும்பிப் பார்த்தார். பயத்தை மறைக்கக் கோபம்தான் கிடைத்தது.

“இவ்வளவு பெரிய குழி. ஸ்கூல்ல இத்தனை பேர் இருக்கீங்க, ஒரு மனு குடுக்கத் தோணலையா?”

“ஜனவரியிலேயே குடுத்தோம்.”

“பதிலே வரலையா?”

“வந்துது.”

கார் டேஷ்போர்டைத் திறந்து, நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். மேற்படி குழி மார்ச் மாதமே முழுமையாக மூடப்பட்டுவிட்டது என்றிருந்தது. கீழே அவருடைய கையெழுத்து.

மார்ச் கடைசி ஞாபகத்துக்கு வந்தது. மெயின்லேண்டிலிருந்து தார் ஏற்றி வர வேண்டிய கப்பல் வரவில்லை. கணக்கு வருஷ முடிவுக்குள் வேலை முடிந்ததாகக் காட்டியாக வேண்டும். கப்பல் வந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று நாற்பது குழிகளை மேஜையிலேயே மூடினார். கப்பல் பிறகு வந்தது. குழிகள்தான் நினைவுக்கு வரவில்லை.

“ஏன் எங்கிட்ட இதைக் காட்டல?”

“காட்டியிருந்தா, கப்பல் வரலைன்னு சொல்லியிருப்பீங்க.”

சாவிக்காகக் கையை நீட்டினாள்.

“அடுத்தவங்க மேல வண்டியை விட்டு ஒதுங்கிப் போறதுக்கு இது என்ன ஊரான் குழியா? நம்ம வீட்டுக் குழிங்க. நாமதானே இறங்கணும்.”