தென்றலின் தம்பிக்கு ஒரு பெயர்

ஒரு கௌதாரிக் குடும்பத்தில் மூத்த பெண் குஞ்சின் பெயர் தென்றல். அடுத்துப் பொரிந்த ஆண் குஞ்சுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

“புயல்னு வைப்போமா?” என்றது அப்பா.

“ஐயோ, அடங்காமப் போயிட்டா?” என்றது அம்மா.

“அப்போ சாரல்?”

“பொண்ணு பேரு மாதிரி இருக்குங்க. பெரியவ பேரோட பொருந்தணும். நாளைக்கு அவன் நம்மளக் குறை சொல்லக் கூடாது.”

அப்போது தரையில் பருந்தின் நிழல் விழுந்தது. எல்லோரும் புதருக்குள் ஓடினார்கள். சின்னக் குஞ்சு மட்டும் வெட்டவெளியில் எறும்பை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா வாயைத் திறந்தது. கூப்பிடப் பெயர் இல்லை.

“தம்பீ!” என்று கத்தியது தென்றல்.

குஞ்சு சட்டென்று திரும்பி ஓடிவந்தது.

அம்மா அதைச் சிறகுக்குள் இழுத்துக்கொண்டு, காதோரம் மூன்று முறை சொன்னது: “தம்பி, தம்பி, தம்பி.”