கழுத்து வளைந்தால்

ஏரியில் நீர்ச்சறுக்கு பழக அணில் ஒன்று ஆசைப்பட்டது. காலுக்கடியில் இரண்டு புளியம்பட்டை, கையில் ஒரு கோவைக்கொடி. கொடியின் மறுமுனையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இழுக்க நீர்க்காகம் மட்டும்தான் முன்வந்தது. நல்ல வேகக்காரன்தான். ஆனால் மீனைக் கண்டால் போதும், கழுத்தை வளைத்து முழுகிவிடும். பின்னால் வரும் அணில் பயத்தில் கொடியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அதுவும் தலைகுப்புறப் போகும்.

நீர்க்காகம் மேலே வந்து மீனை விழுங்கிவிட்டுச் சாவகாசமாகக் கேட்கும்: "எங்கடா விழுந்தே?"

"உனக்குப் பின்னாலதான்," என்று தும்மிக்கொண்டே அணில் வாலைப் பிழியும். பிழிந்துவிட்டு மறுபடியும் பட்டையில் ஏறும்.

போட்டி நாள் வந்தது. விழாமல் அக்கரையை முதலில் தொடுபவருக்கு வெற்றி. பக்கத்தில் வாத்தின் பின்னால் நின்ற தவளை, "நான் விழுந்தா வீட்டுக்குப் போன மாதிரி. உன் பாடுதான் திண்டாட்டம்," என்றது.

அணில் பட்டையில் காலை ஊன்றிக் கொடியைப் பிடித்துக்கொண்டது.

கரை நெருங்கியபோது அணில்தான் ஒரு முழம் முன்னால் இருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு கெண்டை துள்ளியது. நீர்க்காகத்தின் கழுத்து மெல்ல வளைந்தது. விழுந்து விழுந்து மனப்பாடமான வளைவு அது. அணில் இந்தத் தடவை கொடியை விட்டுவிட்டது. முட்டியை மடக்கி, வாலை விரித்து, வந்த வேகத்திலேயே வழுக்கிப் போய் மணலில் ஏறி நின்றது. தவளை அதற்கப்புறம்தான் வந்து சேர்ந்தது.

நீர்க்காகம் எழும்பி, கெண்டையை விழுங்கிவிட்டு, சுற்றிலும் தண்ணீரில் தேடியது.

"எங்கடா விழுந்தே?"

கரையிலிருந்து அணில் வாலைத் தூக்கி ஆட்டியது. பிழிந்தால் ஒரு சொட்டு வராது.