கையெழுத்து இல்லாத கூரை

கட்டட வரைபடத்தை இயந்திரமே போட்டு, அதுவே அனுமதியும் கொடுத்துவிடுகிற காலம் அது. நெல்லை வட்டாரக் கட்டடக்கலைஞர் சங்கத் தலைவி இசக்கியம்மாள், அமைச்சரின் புது அலுவலகத்துக்குள் வந்ததும் வாசலை ஒட்டியிருந்த நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“மிஷின் தப்பே பண்ணாதும்மா. உங்க கையெழுத்து இனி எதுக்கு?” என்றார் அமைச்சர்.

“சரி சார். ஒருநாள் கூரை இடிஞ்சு விழுந்தா யாரைப் பிடிச்சு ஜெயில்ல போடுவீங்க?”

அமைச்சர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். இசக்கியம்மாள் தொடர்ந்தார்.

“மத்த சங்கமெல்லாம் உங்ககிட்ட சலுகை கேக்கும். நாங்க அந்தப் பொறுப்பைத் திருப்பிக் கேக்குறோம். ஒவ்வொரு கட்டடத்துக்கும் எங்கள்ல ஒருத்தர் ஜவாப்தாரியா இருக்கணும்.”

அமைச்சர் தலைக்கு மேலே அண்ணாந்து பார்த்தார்.

“இந்தக் கட்டடத்துக்கு யாரும்மா கையெழுத்து போட்டது?”

“யாருமே இல்ல சார். அதான் நான் வாசல் பக்கமா உக்காந்தேன்.”