படிக்காமல் கிழித்த பேப்பர்

தானும் படிக்காமல், படிக்கக் கேட்டவருக்கும் கொடுக்காமல், அன்றைய தமிழ்ப் பேப்பரை நாலாகக் கிழித்தார் தம்பிராஜா. பாக்கியலட்சுமி சட்டென்று அதைக் கேமராவில் பிடித்தாள்.

தம்பிராஜா, மலாக்காவில் காஜா பேராங் கோயிலுக்கு எதிரே ஊதுபத்தியும் கற்பூரமும் விற்கிறவர். மலாக்கா செட்டி, தலைமுறைகளாக மலாய் பேசும் பழைய தமிழ் வம்சம். பெயரும் நெற்றித் திருநீறும்தான் தமிழ். வாயைத் திறந்தால் மலாய்.

பாக்கியலட்சுமிக்கு வாத்தியார் வேலைக்குப் பயிற்சி. சனிக்கிழமைதோறும் டவுனில் ஒரு தமிழ்ப் பத்திரிகை நடத்தும் நிருபர் வகுப்புக்கும் போய்க்கொண்டிருந்தாள். ஒரு படம், அதன் கீழே ஒரு வரி. படம் பேச வேண்டும், வரி தைக்க வேண்டும். அதுதான் பாடம். வகுப்பில் வரும் படங்களில் சிறந்தது மெர்டேக்கா சுதந்திர தினச் சிறப்பிதழில் வரும். எடுத்தவர் மலாக்கா நிருபர் ஆகலாம். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்குக் கேமரா என்று கேட்ட அத்தனை பேர் வாயையும் அடைக்க அவளுக்கு அந்த ஒரு படம் போதும்.

ஒரு வாரமாகவே தம்பிராஜாவை அவள் நோட்டம் விட்டிருந்தாள். தினமும் காலையில் பேப்பர் வாங்குவார். மடிப்புக்கூடப் பிரிக்க மாட்டார். அப்படியே கிழித்துக் கற்பூரம் மடித்துக் கொடுப்பார். சீனன் கடையில் பழைய பேப்பர் கட்டிக் கணக்கில் நிறுத்து மலிவாகக் கிடைக்கிறது. இவருக்குப் புதுசுதான் வேண்டுமாம்.

ஏன் படிப்பதில்லை என்று ஒருநாள் கேட்டே விட்டாள்.

"தா தாவு பாச்சா, அடேக்," என்றார். படிக்கத் தெரியாதாம். அப்புறம் எதற்கு வாங்குகிறீர்கள் என்றால் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைக் கண்டதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இன்றைக்கு வசமாக மாட்டினார். நகராட்சியில் வேலை செய்யும் கலியாணசுந்தரம் வேலைக்குப் போகிற வழியில் நின்று, சும்மாதானே கிடக்கிறது, பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று கையை நீட்டினார். தம்பிராஜா தலையை ஆட்டி மறுத்து, அவர் கண் முன்னாலேயே கிழித்தார்.

புங்கா ராயா ஸ்டூடியோவில் படத்தைக் கழுவி வாங்கினாள். நீட்டிய கை, கிழிந்த தாள், கிழிக்கிறவர் முகம். எல்லாம் கச்சிதமாக விழுந்திருந்தது. அடியில் எழுதினாள்: "தமிழ் தெரியாதவர், தமிழைத் தராதவர்." திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தாள். தன் கெட்டிக்காரத்தனம் அவளுக்கே பிடித்திருந்தது.

மறுநாள் காலை ஷரீஃபுதீன் பாய் கடைக்குப் போனாள். பேப்பர் ஏஜெண்டு அவர்தான். பேப்பர்க் கட்டைப் போட்டுவிட்டுத் திரும்பும் வேனில் கொடுத்தால் படம் ஆபீசுக்குப் போய்விடும். வேன் வாசலில் நின்றது.

பெருமை தாங்காமல் உறையைப் பிரித்துப் பாயிடம் காட்டினாள். பாய் படத்தைப் பார்த்தார், வரியையும் படித்தார். முகம் மாறிவிட்டது.

"இத அனுப்பாதம்மா," என்றார்.

"ஏன் பாய்? பொய்யா எழுதியிருக்கேன்?"

பாய் வேன்காரனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு அவளை உள்ளே கூப்பிட்டார்.

பத்துப் பேப்பருக்குக் குறைந்தால் இந்தப் பக்கம் கட்டுப் போட மாட்டோம் என்று கம்பெனி சொல்லிவிட்டதாம். போன வருஷம் ஒரு குடும்பம் சிரம்பானுக்கு மாறிப் போனதில் பத்து ஒன்பதாகிவிட்டது. கட்டு நின்றால் டவுனுக்குப் போய்த்தான் வாங்க வேண்டும். விடிவதற்குள் வேலைக்கு ஓடுகிறவர்களில் யார் போவார்கள்? ஒரே மாதத்தில் படிக்கிற பழக்கமே விட்டுப் போகும். பாய் இதைப் பேச்சுவாக்கில் தம்பிராஜாவிடம் சொல்லியிருக்கிறார். அவர் அன்றைக்கே தன் பேரில் ஒன்று போடச் சொல்லிவிட்டார்.

"படிக்கத் தெரியாத ஒனக்கு எதுக்குய்யான்னு நானும் கேட்டேன். மலாய்லதான் சொன்னாரு. 'எங்க பாட்டன் காலத்துல தமிழ் எங்கள விட்டுப் போயிருச்சு. இவங்களையும் விட்டுப் போக வேணாம்'னு. யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வேற."

தினமும் காலையில் பாக்கியலட்சுமி வீட்டுக்கு வருகிற பேப்பரும் அந்தப் பத்தில் ஒன்றுதான். ஆனாலும் நிருபர் ஆசை லேசில் விடுமா? வரியை மட்டும் அடித்துவிட்டு வேறு எழுதி அனுப்பலாமா என்று கணக்குப் போட்டாள். நீட்டிய அந்தக் கை வேறு அவளை உறுத்தியது.

"நல்ல மனசுதான் பாய், இல்லேங்கல. ஆனா கேட்டவருக்குப் படிக்கக் குடுத்திருக்கலாமே? கண்ணு முன்னாடி கிழிக்கணுமா?"

வெளியே வேன்காரன் ஹாரன் அடித்தான். பாய் படத்தை உறைக்குள் வைத்து அவள் கையிலேயே கொடுத்தார்.

"கலியாணசுந்தரமும் அந்தப் பத்துல ஒருத்தர்தாம்மா. ஓசியில படிச்சுட்டா அவரு ஏன் வாங்கப் போறாரு? மறுபடி ஒம்பதாயிரும்ல. நேத்து தம்பிராஜாவக் கண்டபடி ஏசிக்கிட்டே வந்து, நம்ம கடையில ஒரு பேப்பர் வாங்கிட்டுத்தான் போனாரு."

வேன் கிளம்பிப் போயிற்று. உறை அவள் கையிலேயே இருந்தது.